பழைய ஸ்டோருக்குள் ஒலி: மலையக நூதனசாலையில் ஒலிக்கலை நிகழ்வு நடத்த முழுமையான வழிகாட்டி

விடிகாலையில் பெரட்டுத் தப்பு (ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு அழைக்கும் பறை) அடித்தால் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அடுப்பு எரிந்த காலம் உண்டு. ஸ்டோர் என்று நாம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு ஊதினால் மலையில் நிற்பவருக்கு நேரம் தெரியும். இலங்கை மலையகத்தில், நம் ஊர்களில், சத்தம் என்றால் பெரும்பாலும் வேலையின் சத்தம்தான். அந்த ஸ்டோர்களில் சில இன்று நூதனசாலைகள் (அருங்காட்சியகங்கள்) ஆகிவிட்டன. கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர், பல வருடம் மூடிக் கிடந்து, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறந்தது. கம்பளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு நூதனசாலை லயக் காம்பராக்களில் (லயத்து அறைகளில்) இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போனால் கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலரைப் பார்க்கலாம், கொழுந்துக் கூடையைப் பார்க்கலாம், தேயிலைச் செடியின் மட்டம் பார்க்கும் மட்டக் கம்பைப் பார்க்கலாம். அவை எழுப்பிய சத்தம் மட்டும் அங்கே இல்லை. அந்தச் சத்தத்தை மறுபடி அந்த இடத்துக்குக் கொண்டுவருவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒலிக்கலை என்று நான் சொல்வது பாட்டுக் கச்சேரியை அல்ல. ஓர் இடத்தின் ஓசை, ஒரு பொருளின் ஓசை, மனிதக் குரல், அமைதி, இவற்றையே எடுத்து ஒரு படைப்பாக்குவது. நிகழ்த்துகலை என்றால் கலைஞரின் உடலும் நேரமும் இடமும்தான் படைப்பு. கதையும் வேடமும் கட்டாயமில்லை. இதெல்லாம் கொழும்புக் காட்சிக்கூடங்களின் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். காமன் கூத்து பார்த்து வளர்ந்தவருக்கு அப்படித் தோன்றக் காரணமே இல்லை. மாசியில் கம்பம் நட்டு, ரதியும் மன்மதனும் லயம் லயமாகப் போக, சனம் பின்னாலேயே நடக்க, விடியவிடிய நடக்கிற கூத்து அது. மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது, பார்ப்பவரும் நடந்துகொண்டே இருப்பார். அந்தப் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் போய் உட்காருங்கள்

கருவி எதுவும் கொண்டுபோக வேண்டாம். ஒரு கொப்பியும் பேனையும் போதும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், இன்னொரு நாள் மழை பெய்கிற நேரம், இப்படி மூன்று தடவையாவது ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்பதை எல்லாம் எழுதுங்கள். வெயில் ஏறும்போது கூரைத் தகரம் விரிந்து ‘டக் டக்’ என்று சத்தம் போடும். மாடியில் ஒருவர் நடந்தால் பலகைத் தளம் கீழே நிற்பவர் தலைக்கு மேல் முனகும். பக்கத்துத் தோட்டத்துக் கோயில் ஸ்பீக்கர், வளைவில் ஏறும் பஸ்ஸின் ஹோர்ன், குரங்குக் கூட்டம், எல்லாமே உங்கள் நிகழ்வுக்குள் வரத்தான் போகின்றன. எது எந்த நேரம் வரும் என்று தெரிந்திருந்தால் அவை இடைஞ்சல் ஆகாது.

அப்புறம் கை தட்டிப் பாருங்கள். கூடத்தின் நடுவில், மூலையில், ரோலர்களுக்கு இடையில், ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு தட்டு. ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீற்றர் போகும். சுவர் 17 மீற்றர் தள்ளி இருந்தால் சத்தம் போய்த் திரும்பிவரப் பத்தில் ஒரு விநாடி ஆகும். அது தனி எதிரொலியாகவே காதில் விழும். சின்னக் காம்பராவில் அந்தத் திரும்பல்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து குரலைக் கனமாக்கும். லயக் காம்பராவில் மெல்லப் பேசினாலே போதும், ஸ்டோர்க் கூடத்தில் வேகமாகப் பேசினால் ஒரு சொல்லும் விளங்காது. எந்தப் பகுதியை எங்கே வைப்பது என்ற முடிவை இந்தக் கைதட்டலே எடுத்துத் தந்துவிடும்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தகரக் கூரையில் மலையக மழை விழுந்தால் எந்த ஸ்பீக்கரும் அதோடு போட்டிபோட முடியாது. 1952 ஓகஸ்டில் நியூயோர்க் மாநிலத்தின் வுட்ஸ்டொக்கில் டேவிட் டியூடர் பியானோ முன் உட்கார்ந்து, அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜின் 4 நிமிடம் 33 விநாடிப் படைப்பை ஒரு சுரமும் வாசிக்காமல் நிகழ்த்தினார். நடுப்பகுதியில் கூரையில் மழைத்துளி விழுந்த சத்தம் கேட்டது என்று கேஜ் பிறகு சொன்னார். அவருக்குக் கிடைத்தது சில துளி. நமக்கு வருவது முழு மழை. ஆகவே ‘மழை வந்தால் இது’ என்று ஒரு பகுதியைத் தயாராக வைத்திருங்கள்: ஸ்பீக்கர்களை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, எல்லோரும் கூரையைக் கேட்பது. நான் இருந்த ஒரு நிகழ்வில் அந்தப் பத்து நிமிடம்தான் எல்லோர் மனதிலும் நின்றது.

அனுமதி

நூதனசாலைப் பொறுப்பாளரிடம் வெறும் ‘நிகழ்ச்சி’ என்று சொல்லாதீர்கள். எத்தனை பேர், எந்த மாடி, எந்தப் பொருளைத் தொடப் போகிறீர்கள், எதைத் தொடமாட்டீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். பழைய பலகைத் தளத்தில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் நிற்கலாம் என்று கட்டாயம் கேளுங்கள். ஆணி, பசை நாடா, ஈரம், நெருப்பு, இந்த நான்கும் உள்ளே வரக்கூடாது என்று நீங்களே முந்திச் சொன்னால் அவர்களுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதிப் பத்திரம் வேண்டும். 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பாவிக்க முடியாது. இரவு முழுக்க நடத்த ஆசைப்பட்டால் 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி இல்லாத பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் லயம் இருந்தால் அங்கேயும் போய்ச் சொல்லுங்கள். காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள்.

பழைய இயந்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டோர் ஓடிய காலத்தில் ரோதமுனிக்குப் பூசை போடாமல் சக்கரத்தைத் தொடாத தலைமுறை ஒன்று இருந்தது. ரோதை என்ற சக்கரத்தின் காவல் சாமி அது. ஒருமுறை நான் ஒலிவாங்கியோடு ரோலர் பக்கம் போனபோது, முன்பு அங்கே வேலை செய்த பெரியவர் ஒருவர், “தம்பி, கைய வைக்கிறதுக்கு முன்னாடி வெளிய ஒரு கற்பூரம் கொளுத்திட்டு வாங்க” என்றார். கொளுத்தினேன். அதற்குப் பிறகு அவரே வந்து எந்த இடத்தில் தட்டினால் என்ன சத்தம் வரும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கட்டடத்தை அறிந்தவரின் சொல்லைக் கேட்டால் கட்டடம் உங்களுக்குத் திறக்கும்.

யார் செய்வது

என்னைப் பொறுத்தவரை முழு வேலையிலும் முக்கியமான முடிவு இது. தோட்டத்து மக்களைப் பின்னணியாக நிறுத்தி, வெளியிலிருந்து வந்தவர் முன்னால் நின்று செய்யும் நிகழ்வுகளைப் பார்த்திருக்கிறேன். ஓர் இடத்தில் ஐந்து பெண்களைக் கூடையோடு ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பெயர் அழைப்பிதழில் இல்லை. நிகழ்வு முடிந்ததும் தேநீர்கூட வேறு இடத்தில்தான் கொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கொதிக்கிறது. கொழுந்து எடுத்த அக்காவின் விரல் ஒலி உங்களுக்கு வேண்டுமென்றால் அவரும் கலைஞர்தான். பெயர் போட வேண்டும், கொழும்புக் கலைஞருக்குக் கொடுக்கும் அதே சம்பளம் கொடுக்க வேண்டும், ஒத்திகை நாளுக்கும் கொடுக்க வேண்டும். ஒத்திகைக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், அவருக்கு விழாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

தப்பு அடிப்பவரை அழைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். தப்பைச் சாதியோடு கட்டிப் பார்த்த காலம் முழுதாய்ப் போய்விடவில்லை. அதனாலேயே அதைத் தொட மறுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதையே பெருமையாக எடுத்து அடிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவரை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். எந்த அடியை அடிக்கலாம், எதை அடிக்கக்கூடாது என்பதும் அவர் முடிவு. சாவுக்குரிய அடியை வேடிக்கைக்கு அடிக்கச் சொல்லாதீர்கள்.

ஒப்பாரியும் அப்படித்தான். ஆரம்பத்தில் நான் ஒரு பிழை விட்டேன். நன்றாகப் பாடுவார் என்று கேள்விப்பட்டு, ஒரு பாட்டியின் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து ஒப்பாரி ஒன்று பாடச் சொன்னேன். பாட்டி பேசாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். மகள்தான் உள்ளேயிருந்து, “வீட்டுல நல்லது நடக்கப்போகுது, இப்ப வேணாங்க” என்றார். அன்றிலிருந்து நான் பாட்டுக் கேட்பதில்லை, “என்ன சத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கு பாட்டி?” என்றுதான் கேட்கிறேன். அதே பாட்டி அரைமணி நேரம் சொன்னார்: கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக் கொக்கி ஆடுவது, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் ஏணை (தொட்டில்) ஆடும் கயிறு கிறீச்சிடுவது, மழையில் இடுப்பில் கட்டும் படங்கு உடம்பில் உரசுவது. ஒரு முழு நிகழ்வுக்கான பொருள் அதில் இருந்தது.

குரல் பதிவு செய்தால், பதிந்ததை அவருக்கே முதலில் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழியுங்கள்.

நாளும் நேரமும்

கண்டி, ஹட்டன், நுவரெலியாப் பக்கங்களில் தை முதல் பங்குனி வரை மழை குறைவு. வைகாசியிலிருந்து தென்மேல் பருவமழை பிடித்துக்கொள்ளும், ஐப்பசியில் இடி மின்னல். மாசியில் வைத்தால் காமன் கூத்தோடு மோதும். கூத்துக்காரர்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள். ஞாயிறு பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி இருட்டுவதற்குள் முடிப்பது நல்லது. மலைப் பாதைகளில் கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும். பஸ்ஸைத் தவறவிடும் கவலையோடு ஒருவராலும் கேட்க முடியாது.

கருவிகள்

பணம் கொட்ட வேண்டியதில்லை. நான் முதலில் செய்யச் சொல்வது தொடு ஒலிவாங்கி. காற்றில் வரும் சத்தத்தை அது எடுக்காது, பொருளுக்குள் ஓடும் அதிர்வை மட்டும் எடுக்கும். எலெக்ட்ரோனிக் கடையில் 27 மில்லிமீற்றர் பியேசோ தட்டு (அதிர்வை மின்சாரமாக்கும் சின்ன வட்டத் தகடு) கேளுங்கள். விலை மிகக் குறைவு. நடுவிலுள்ள வெள்ளை வட்டத்தில் ஒரு வயர், சுற்றியுள்ள பித்தளையில் ஒரு வயர். உள்ளே வலைக் கவசம் உள்ள ஓடியோ வயரையே பாவியுங்கள். கவசம் பித்தளைக்கு, நடுக் கம்பி வெள்ளைக்கு. வெள்ளைப் பகுதியில் சோல்டரிங் முனையை ஓரிரு விநாடிக்கு மேல் வைத்தால் அது கெட்டுவிடும். பற்றவைத்த பிறகு நகப்பூச்சை இரண்டு தடவை பூசிக் காயவிட்டால் ஈரம் ஏறாது. மறுமுனையில் கிட்டார் பிளக்.

இதைச் சாதாரண மைக் துளையில் குத்தினால் அடித்தொனி எல்லாம் போய், தகர டப்பாவைச் சுரண்டுவது போலக் கேட்கும். கிட்டாருக்கென்று மிக்ஸரில் இருக்கும் உள்ளீட்டில் குத்துங்கள். ஏறக்குறைய ஒரு மெகாஓம் தடை உள்ளது அது. கனமான சத்தம் வரும். வயர் மூன்று மீற்றருக்கு மேல் நீள வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அந்த ‘ம்ம்ம்’ என்ற முனகல் நீள வயருக்குள் ஏறிவிடும். ஒரே பிளக் பொயின்டிலிருந்து எல்லாக் கருவிக்கும் கரண்ட் எடுத்தாலும் முனகல் குறையும்.

ரோலரின் மேசையில் வளைந்த மேடுகள் இருக்கும், கொழுந்தை நசுக்கித் திருப்புவதற்காக. தொடு ஒலிவாங்கியைத் துணி சுற்றிய கிளிப்பால் மேசை விளிம்பில் பிடித்துவிட்டு, காய்ந்த தேயிலை ஒரு பிடியை அந்த மேட்டின்மேல் விரலால் உருட்டிப் பாருங்கள். வெறும் காதுக்கு ஒன்றுமே கேட்காது. ஹெட்போனில் மணல் சரிவது போலத் தொடங்கி, விரல் மேட்டைத் தாண்டும் இடத்தில் உலோகம் ஆழத்திலிருந்து ஒரு மணிபோல முனகும். முன்பு ரோலர்ப் பக்கம் வேலை செய்த ஒருவர் ஹெட்போனைக் காதில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். “உள்ளுக்குள்ள இப்படியா கத்துது?” என்று மட்டும் கேட்டார். இயந்திரத்தை ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஓட்டவும் கூடாது. பெல்ட் பூட்டிய பழைய இயந்திரத்துக்குப் பக்கத்தில் சேலை முந்தானையோடோ விரித்த தலைமுடியோடோ யாரும் நிற்கக் கூடாது.

ஒலியை வெளியே விடுவதற்கு இரண்டு பெரிய பெட்டிகளைவிட நான்கைந்து சின்ன ஸ்பீக்கர்கள் சிறந்தவை. கேட்பவர் நடக்க நடக்கச் சத்தம் மாறும். அதைவிட அழகான வழி, பழைய பலகைத் தேயிலைப் பெட்டியையே ஸ்பீக்கர் ஆக்குவது. அதிர்வுச் சாதனம் என்று ஒன்று விற்கிறார்கள். கூம்பு இல்லாத ஸ்பீக்கர், எதில் ஒட்டினாலும் அந்தப் பொருள் பேசும். 10 வாட் போதும். காட்சிக்கு வைத்த பெட்டியில் ஒட்டாமல் வெளியில் வாங்கிய பெட்டியில் ஒட்டுங்கள். உள்ளே ஈயத்தாள் ஒட்டியபடி இருக்கும் பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். குரலின் ஓரத்தில் அந்தத் தாள் சரசரக்கும்.

இரண்டு எச்சரிக்கை. குளிரில் கிடந்த கருவியைச் சனம் நிறைந்த சூடான கூடத்துக்குள் கொண்டுவந்ததும் திறந்தால் உள்ளே பனி பூக்கும். பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டுப் பிறகு எடுங்கள். கரண்ட் போகும், அதுவும் மழையோடு போகும். பதிவுக் கருவி பற்றரியில் ஓடட்டும், ஒலிபெருக்கி இல்லாமல் செய்யக்கூடிய ஒரு பகுதி எப்போதும் கையில் இருக்கட்டும்.

நிகழ்வை அடுக்குவது

மொத்தம் 45 நிமிடம். முதல் தடவை கேட்பவருக்கு அதற்குமேல் வேண்டாம். நான் விரும்பும் ஓர் அடுக்கைச் சொல்கிறேன், உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

முற்றத்தில் தொடங்குங்கள். நெருப்பு உள்ளே கூடாது, தப்புக்கோ நெருப்பு இல்லாமல் முடியாது. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காட்டும்போது, அடிப்பவர் இடையிடையே ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். முதலில் ஈரத்துணியைத் தட்டுவது போல ‘தொப்’ என்று இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் இறுகி, கடைசியில் ‘டண்’ என்று மலையில் பட்டுத் திரும்பும். பார்வையாளரை அழைத்துவந்து இந்தச் சூடேற்றலையே முதல் படைப்பாகக் கேட்க வையுங்கள். பனிக்காற்றில் தோல் மறுபடி தளர்ந்துவிடும், ஆகவே உள்ளே தப்பு அடிக்கும் பகுதியைச் சுருக்கமாக, கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

உள்ளே போனதும் ரோலர் மேசையும் விரலும். மெல்லிய சத்தம், நீண்ட நேரம்.

அடுத்தது குரல். அமெரிக்க இசையமைப்பாளர் அல்வின் லூசியர் 1969இல் ஓர் அறையில் உட்கார்ந்து சில வசனங்களைப் பேசிப் பதிந்து, அந்தப் பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிந்து, அதைத் திரும்பத் திரும்பச் செய்தார். ஒவ்வொரு சுற்றிலும் அறைக்குப் பிடித்த சுரங்கள் மட்டும் பெருகும். கடைசியில் சொல் கரைந்து அறையே பாடும். இதை நம் ஸ்டோரில் செய்ய என்ன வாசகம் வேண்டும்? தோட்டத்து மலைகளின் பெயர்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் வரைபடத்தில் இருக்கும் எண்ணுக்கும் ஆங்கிலப் பெயருக்கும் அப்பால், கோயில் மலை, ஆத்தோர மலை என்று நம் ஆட்கள் வைத்த பெயர்கள் இருக்கின்றன. வேலையை மேற்பார்த்து ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளையோ கொழுந்து எடுத்த அம்மாவோ பெரட்டில் கூப்பிடும் தோரணையில் அவற்றைச் சொல்லட்டும். பத்துப் பன்னிரண்டு சுற்றை முன்கூட்டியே அதே கூடத்தில் பதிந்து வைத்து, அன்று அடுத்தடுத்துப் போடுங்கள். எந்த மலையின் பெயர் கடைசி வரை விளங்குகிறது என்று சனம் காத்திருந்து கேட்கும்.

முடிவில் எல்லா ஸ்பீக்கரையும் நிறுத்தி ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஐந்து நிமிடம், வெளியே என்ன கேட்கிறதோ அது.

ஒத்திகை

குறைந்தது இரண்டு, அதில் ஒன்று நிகழ்வு நேரத்திலேயே. ஆட்கள் நிறைந்தால் உடைகளும் உடம்பும் மேல்தொனிகளை உறிஞ்சிக்கொள்ளும். வெறும் கூடத்தில் கூசிய சத்தம் அன்று மந்தமாகும். ஆகவே ஒத்திகையில் சற்றுக் கூர்மையாகவே விடுங்கள். சத்தமும் வரம்புக்குள் இருக்கட்டும். கைபேசியிலேயே டெசிபெல் பார்க்கும் செயலிகள் உண்டு. 85க்கு மேல் நீண்ட நேரம் போகாதீர்கள். கைக்குழந்தைகள் கட்டாயம் வருவார்கள், அவர்களுக்குக் கதவோரம் இடம் விடுங்கள்.

அன்று

அறிவிப்பு தமிழிலும் சிங்களத்திலும். “விளங்காவிட்டால் பரவாயில்லை, கேளுங்கள்” என்று சொல்லாதீர்கள். அது கேட்பவரைச் சின்னவராக்கும். “இது ரோலர் மேசையின் சத்தம், இது தேயிலைப் பெட்டியிலிருந்து வருகிறது” என்று பொருளைச் சொல்லுங்கள். சுவரோரமாக நாற்காலிகள் கட்டாயம். ஆயுள் முழுக்க ஏறி இறங்கிய முழங்கால்கள் அவை. முன்வரிசை லயத்திலிருந்து வருபவர்களுக்கு. நுழைவுச்சீட்டு இருந்தால் பக்கத்துத் தோட்டத்தாருக்கு இலவசம் என்பதை நூதனசாலையோடு முன்பே பேசி எழுதி வாங்குங்கள். முடிந்ததும் பிளேன்டீயும் ரொட்டியும் எல்லோருக்கும் ஒரே மேசையில்.

பிறகு

பதிவை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக வையுங்கள். கோப்பின் பெயரிலேயே திகதி, இடம், செய்தவர் பெயர் இருக்கட்டும். ஒரு பிரதி நூதனசாலைக்கு, ஒன்று உங்களுக்கு, ஒவ்வொரு கலைஞருக்கும் மெமரி கார்டில் ஒன்று. இணையத் தொடுப்பை அனுப்பிவிட்டு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள், மலைச் சரிவில் பல லயங்களில் சிக்னல் நிற்காது.

இரண்டு வாரத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்ன ஸ்பீக்கர் ஒன்றோடு லயத்துக்குப் போய், கோயில் முற்றத்தில் முழுவதையும் போடுங்கள். யாராவது திருத்தம் சொல்வார்கள். “பெரட்டுத் தப்பு இவ்வளவு வெரசா போகாது”, “அந்த மலைக்கு எங்க அப்பா காலத்துல வேற பேரு” என்பார்கள். சொன்னவர் பெயரோடும் திகதியோடும் அதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த நிகழ்வின் முதல் ஒத்திகைக்கு அவரையும் கூப்பிடுங்கள்.